மணி அடிக்காத எச்சரிக்கை: சின் தாக்குதலை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: சர்வருக்கு வரும் பாக்கெட் (தரவுத் துண்டு) எண்ணிக்கை, சராசரிக்கு மேல் மூன்று திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) தாண்டினால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறோம். பயனர் கூட்டம் கூடினாலே அடிக்கிறது. போன வாரம் சின் தாக்குதலில், அதாவது போலி இணைப்புக் கோரிக்கைகள் குவிந்து, சர்வர் படுத்தபோது அடிக்கவில்லை. தானாகக் கற்கும் கருவி ஒன்றை வாங்கச் சொல்கிறார் ஒரு முகவர். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கோளாறு கணக்கில் இருக்கிறது, அது அந்தக் கருவிக்குள்ளும் இருக்கலாம்.

பத்து அளவீடுகளில் ஒன்பது 100, ஒன்று மட்டும் தாக்குதலால் 10,000 என்று வையுங்கள். சராசரி 1,090, திட்ட விலக்கம் சுமார் 3,130. எல்லை 10,480-க்கு ஏறிவிடும். அடுத்த முறை அதே 10,000 வந்தாலும் மணி அடிக்காது. இடைநிலை அளவோ (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 100-லேயே நிற்கும். 'ஏழு நாளில் கற்றுக்கொள்ளும்' என்பவரிடம் கேளுங்கள்: அந்த ஏழு நாளில் தாக்குதல் நடந்தால் அதையும் இயல்பு என்று கற்குமா? சர்வர் படுத்த நேரத்துப் பதிவைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எதை எண்ணுகிறது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை, எல்லை என்ன என்று எழுதித் தராதவருக்குப் பணம் கட்டாதீர்கள்.

மொத்தப் பாக்கெட்டை எண்ணுவதை விடுங்கள். இணைப்புக் கேட்டு வரும் முதல் பாக்கெட்தான் சின். சர்வர் பதில் தந்து, எதிர்முனை ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு முழுமை. 10 விநாடிக்கு ஒருமுறை, வந்த சின்களிலிருந்து முழுமையான இணைப்புகளைக் கழித்து, வழக்கமான இணைப்பு எண்ணிக்கையால் வகுங்கள். சாதாரணமாக 0.05 வருகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு முறை வரும் அளவிலும் 0.3-ஐக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் பூஜ்யமாக்குங்கள். 1954-இல் ஈ. எஸ். பேஜ் முன்வைத்த கியூசம் முறை இது. தாக்குதலில் அளவு 0.8 ஆனால், முறைக்கு 0.5 கூடி 40 விநாடியில் 2-ஐத் தொடும். அங்கே மணி அடிக்கட்டும். ஒரே ஒருமுறை 1.2-க்குத் துள்ளினால் 0.9 ஏறி, தானே வடிந்துவிடும். 0.3, 2 இரண்டையும் உங்கள் பழைய பதிவில் ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். நிஜக் கூட்டம் வந்தால் சின் கூடும், இணைப்பும் கூடவே கூடும், கணக்கு பெரிதாக அசையாது. ஆனால் முழுமையாகாத இணைப்புகள் காத்திருக்கும் சர்வரின் வரிசையையே கூட்டம் நிரப்பிவிட்டால் நிஜ இணைப்புகளும் முடியாமல் நிற்கும், மணியும் அடிக்கும். அப்போது முகவரிகளைப் பாருங்கள். நிஜமான கணினி பதில் வராவிட்டால் சுமார் 1 விநாடியில் அதே சின்னை மறுபடி அனுப்பும், பிறகும் சில முறை மீண்டும் முயலும். போலி முகவரிகள் பெரும்பாலும் ஒருமுறை வந்து மறையும். மறுமுயற்சி அதிகமாகத் தெரிந்தால் தடுக்காதீர்கள், சர்வர் திறனைக் கூட்டுங்கள்.

போலி முகவரியோடு கிளம்பும் பாக்கெட்டை அந்தந்த வலையமைப்பே வாசலில் மறிக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 2827 என்ற இணைய நடைமுறை ஆவணம் சொன்னது 2000-இல். இன்னும் எல்லோரும் செய்யவில்லை, அந்தச் சுமையை உங்களைப் போன்றவர்கள் சுமக்கிறீர்கள். அதுவரை சர்வரில் சின் குக்கீயை (வரிசையில் இடம் பிடித்து வைக்காமலே சின்னுக்குப் பதில் தரும் வசதி) இயக்கி வையுங்கள். மணி அடித்த நேரத்து எண்களை இயல்பு அளவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.