பெரிய அணியின் பெஞ்சா, சின்ன அணியின் பனியா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கனடாவிலேயே பிறந்தவன். ஐஸ் ஹாக்கியில் இடது விங் ஆடுகிறான். வயதுக்கு உயரம் குறைவு. இந்த ஆண்டு இரண்டு அணிகள் அவனை அழைத்திருக்கின்றன. ஒன்று பெயர் பெற்ற அணி. அங்கே மிகக் குறைவாகக் களமிறங்கும் நான்காவது வரிசையில்தான் இடம் என்று பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மற்றது போன பருவத்தில் கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்த அணி. அங்கே முதல் வரிசை. "திறமையான பையன்களைத் தேடி வரும் ஸ்கௌட்கள் பெரிய அணியைப் பார்க்கத்தான் வருவார்கள்" என்பது என் கணவரின் வாதம். பையனோ ரஷ்ய ஹாக்கி வீரர் கிரில் கப்ரிசோவின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, "அவரும் தோற்கிற அணியில்தான் ஆரம்பித்தார் அம்மா" என்கிறான். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். இருபது வயது வரை பனியையே பார்த்ததில்லை. இவன் சொல்வது உண்மையா? அந்த ரஷ்யப் பையன் எப்படித்தான் மேலே வந்தான்? நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஸ்கார்பரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது உண்மை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான். பதினான்கு வயதில் நாமும் நமக்குச் சாதகமான பாதியைத்தான் வீட்டில் சொன்னோம். மீதியை நான் சொல்கிறேன்.

கப்ரிசோவ் 1997 ஏப்ரலில் நோவோகுஸ்நெட்ஸ்க் நகரில் பிறந்தவர். சைபீரியாவின் தென்மேற்கில், குஸ்பாஸ் என்ற நிலக்கரி வட்டாரத்தில் இருக்கும் இரும்பாலை ஊர். மாஸ்கோவில் காலை எட்டு மணி அடிக்கும்போது அங்கே நண்பகல். ஊரின் ஹாக்கி அணிக்குப் பெயர் 'மெட்டலூர்க்'. உலோகத் தொழிலாளி என்று பொருள். ரஷ்யாவின் முதல்தரத் தொழில்முறைப் போட்டியான கே.எச்.எல். லீக்கில் அந்த அணி ஆண்டுதோறும் பட்டியலின் அடியில்தான் கிடந்தது. கையில் காசு கிடையாது. பேர்பெற்ற ஆட்டக்காரர்களை வாங்க வழியில்லாதபோது ஒரு மேலாளர் என்ன செய்வார்? உள்ளூர்ப் பள்ளியில் வளர்ந்த பையன்களை இறக்குவார். கப்ரிசோவுக்குக் கதவு திறந்தது அந்த இல்லாமையால்தான்.

ரஷ்யாவில் 'பள்ளி' என்றால் நீங்கள் நினைக்கும் பள்ளி மட்டும் இல்லை. ஒவ்வொரு பெரிய அணியும் ஒரு விளையாட்டுப் பள்ளியை வைத்திருக்கும். ஐந்தாறு வயதிலேயே சேர்த்துவிடுவார்கள். அணிகள் பிறந்த ஆண்டைக் கொண்டுதான் பிரிக்கப்படும். "உங்கள் பையன் எந்த ஆண்டு?" என்பதுதான் அங்கே பனித்தளத்தின் ஓரத்தில் நிற்கும் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. பள்ளிப் பயிற்சி போதாது என்று தனிப் பயிற்சியாளரிடம் காசு கொடுத்து மணிக்கணக்கில் ஓட்டிப் பழக வைப்பதும் உண்டு. அதற்கு 'பத்காட்கா' என்று பெயர். நம் ஊர் டியூஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் வெளியே 'கரோப்கா' என்று ஒன்று இருக்கிறது. பெட்டி என்று பொருள். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் ஒரு திடல், அதைச் சுற்றிப் பலகைத் தடுப்பு, குளிர்காலம் வந்ததும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி உறைய வைத்த தளம். அப்பா, மகன், மாமா, வழிப்போக்கன் எல்லோரும் அதில் ஆடுவார்கள். யார் நான்காவது வரிசை என்று அங்கே யாரும் பிரிப்பதில்லை. இந்த ஆட்டம் அந்த ஊர்களில் நம் தெருக் கிரிக்கெட்டைப் போல ஊறிப்போயிருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பதினாறு வயதையொட்டித்தான் பாதை இறுகுகிறது. 2009-இல் தொடங்கிய எம்.எச்.எல். என்ற இளையோர் லீக் முதல் படி. அதற்கு மேலே இரண்டாம் தரத் தொழில்முறை லீக்கான வி.எச்.எல். உச்சியில் கே.எச்.எல். கப்ரிசோவ் முதலில் 'குஸ்நெட்ஸ்க் கரடிகள்' என்ற இளையோர் அணியில் ஆடினார். 2014-இல், பதினேழாவது வயதில், நேராகப் பெரியவர்களின் அணிக்குள் நுழைந்தார். முதல் பருவத்தில் 31 ஆட்டங்கள், வெறும் 8 புள்ளிகள். கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிசெய்த பாஸுக்கு ஒன்று என்ற ஹாக்கிக் கணக்கில் 8. சுமார்தான். பணக்கார அணியாக இருந்தால் அடுத்த பருவம் அவரைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்கும். மெட்டலூர்க்குக்கு வேறு ஆள் இல்லை. அடுத்த பருவத்தில் 53 ஆட்டங்கள் ஆட விட்டார்கள். 27 புள்ளிகள் வந்தன.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஆட்டம் 60 நிமிடம், மூன்று பகுதிகள். முன்கள வீரர்கள் பன்னிரண்டு பேர், மூவர் மூவராக நான்கு வரிசை. ஒரு வரிசை முக்கால் நிமிடம் போல ஓடிவிட்டு மூச்சிரைக்க வந்து உட்காரும், அடுத்தது தடுப்பைத் தாண்டிக் குதிக்கும். நான்கு வரிசைக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் வர வேண்டும். வராது. மேல் மட்டத்தில் முதல் வரிசை இருபது நிமிடத்தைத் தொடும், நான்காவது வரிசை ஏழெட்டு நிமிடத்தோடு நிற்கும். எதிரணியில் ஓர் ஆள் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிட 'பவர் பிளே'யில் நான்காவது வரிசைப் பையன் வாட்டர் பாட்டிலோடு வேடிக்கைதான் பார்ப்பான். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று போட்டு, ஒரு பருவத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

ரஷ்யர்கள் 'பதின்மூன்றாவது முன்கள வீரன்' என்று சொல்வார்கள். சீருடை போட்டு, பெயரும் பட்டியலில் ஏறி, தளத்தில் இறங்காமலே வீட்டுக்குப் போகிறவன். நமக்குப் புரியும்படி சொன்னால், பன்னிரண்டாவது ஆள். கல்லூரி நாட்களில் நல்ல பெயரெடுத்த ஒரு கிரிக்கெட் கிளப்பில் நான் இரண்டு பருவம் தண்ணீர் தூக்கியவன். அந்த கிளப்பின் தொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கவர் டிரைவ்தான் வரவில்லை. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் என்று நம்பிவிடாதீர்கள்.

என் கசப்பை விடுங்கள். ரஷ்ய ஹாக்கியிலேயே இதற்குப் பழைய சான்று இருக்கிறது. வலேரி கர்லாமோவ் என்ற பெயரை உங்கள் ஊர் முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1972 செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியாலில் சோவியத் அணி கனடாவை 7–3 என்று சாய்த்தபோது இரண்டு கோல் போட்டவர். உயரம் 173 சென்டிமீட்டர்தான். மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணியில் பயிற்சியாளர் அனதோலி தராசவுக்கு, இந்தச் சின்ன உருவம் தாங்குமா என்ற சந்தேகம். 1967-இல் யூரல் பக்கம் செபார்குல் என்ற சிறிய ஊரின் இராணுவ அணிக்கு அனுப்பிவைத்தார். (2013-இல் விண்கல் விழுந்து ஏரிப் பனியில் ஓட்டை போட்டதே, அதே ஊர்.) ஊரார் அதைத் தண்டனை என்றுதான் நினைத்திருப்பார்கள். பையன் அங்கே 40 ஆட்டங்களில் 34 கோல் போட்டான். அடுத்த வசந்தத்திலேயே மாஸ்கோவுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

புதிய சான்றும் இருக்கிறது. மத்வே மிச்கோவ், 2004 டிசம்பரில் பெர்ம் நகரில் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்.கே.ஏ. அணிக்காரர். அவ்வளவு பெரிய அணியில் பதினெட்டு வயதுப் பையனுக்கு இடம் எங்கே? 2022-23 பருவத்தின் நடுவில், பட்டியலின் அடியில் கிடந்த சோச்சி அணிக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே 27 ஆட்டங்களில் 20 புள்ளிகள். அடுத்த கோடையில், வட அமெரிக்காவின் முதல்தர லீக்கான என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை ஒருவர்பின் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்டில்', பிலடெல்பியா அணி அவரை ஏழாவது ஆளாக எடுத்தது.

இனி உங்கள் மகன் சொல்லாத பாதி.

முதலாவது, கப்ரிசோவ் அந்தத் தோற்கும் அணியிலேயே உட்கார்ந்துவிடவில்லை. 2016-இல் உஃபா நகரின் சலாவத் யுலாயேவ் அணிக்குப் போனார். அங்கே 49 ஆட்டங்களில் 42 புள்ளிகள். ஒரே பருவம்தான். 2017-இல் சி.எஸ்.கே.ஏ. அணி. நாட்டின் ஆகப் பெரிய அணிகளில் ஒன்றுக்கு அவர் போகும்போது பெஞ்சைத் தேய்க்கப் போகவில்லை, முதல் வரிசைக்குப் போனார். அடுத்த பிப்ரவரியில் கொரியாவில் நடந்த ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை இணையத்தில் தேடி மகனோடு உட்கார்ந்து பாருங்கள். ஜெர்மனி 3–2 என்று முந்தி நிற்கிறது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, ரஷ்யர்களில் ஒருவர் வேறு தண்டனையில் வெளியே இருக்கிறார். அந்த நிலையில் நிகிதா குசெவ் சமன் செய்கிறார். கூடுதல் நேரத்தில் ஜெர்மானியர் ஒருவர் தண்டனை வாங்குகிறார். குசெவ் குறுக்கே தள்ளிய 'பக்' என்ற ரப்பர் வட்டைக் கப்ரிசோவ் நிறுத்தக்கூட இல்லை, வந்த வேகத்திலேயே அடித்தார். தங்கம். வயது இருபது. பவர் பிளேயில் அப்படி அடிக்கும் கை, நோவோகுஸ்நெட்ஸ்க்கில் பவர் பிளே ஆடிப் பழகிய கை.

இரண்டாவது, காத்திருப்பு. உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஸ்கௌட்கள் சைபீரியாவுக்கும் போகத்தான் செய்தார்கள், பையனைப் பார்க்கவும் செய்தார்கள். 2015 டிராஃப்டில் மினசோட்டா வைல்ட் அணி அவரை ஐந்தாம் சுற்றில், 135-ஆவது ஆளாக எடுத்தது. அவருக்கு முன் 134 பெயர்களைப் படித்திருக்கிறார்கள்! எடுத்த பிறகும் ஐந்து ஆண்டுகள் ரஷ்ய ஒப்பந்தங்களை முடித்துவிட்டு, 2020 கோடையில்தான் மினசோட்டாவோடு கையெழுத்திட்டார். 2021 ஜனவரியில் முதல் ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோல். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையும் அவருக்குத்தான். 2025 செப்டம்பரில் எட்டு ஆண்டுக்கு 13.6 கோடி டாலர் ஒப்பந்தம். என்.எச்.எல். வரலாற்றில் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அதே நோவோகுஸ்நெட்ஸ்க்கில் வளர்ந்த கோல் காப்பாளர் செர்கேய் பப்ரோவ்ஸ்கியை டிராஃப்டில் ஒருவருமே எடுக்கவில்லை.

மூன்றாவது, கொஞ்சம் வருத்தமானது. இத்தனை பேரை வளர்த்த மெட்டலூர்க் அணியை 2017-இல் கே.எச்.எல். வெளியே தள்ளியது. சின்ன அணிகளுக்கு நன்றி சொல்கிறவர்கள் குறைவு. அதனால் உங்கள் மகன் சேரும் அணி அடுத்த ஆண்டும் இருக்குமா என்பதையும் விசாரித்துவையுங்கள்.

பெரிய அணி என்றாலே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலெக்சாண்டர் ஒவெச்கின் மாஸ்கோவின் டைனமோ அணியில் பதினாறு வயதிலேயே பெரியவர்களோடு ஆடினார். பெரிய அணி, ஆனால் ஆட விட்டார்கள். சட்டையில் எந்தச் சின்னம் இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பையன் எத்தனை நிமிடம் பனியில் நிற்பான் என்று பாருங்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஹாக்கி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெரிய அணியின் ஆட்டம் ஒன்றுக்கு மகன் இல்லாமல் நீங்களும் கணவரும் போங்கள். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், ஃபிளாஸ்க்கில் தேநீரும். நான்காவது வரிசைப் பையன் ஒருவனின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கைபேசிக் கடிகாரத்தில் அவன் இறங்கும் ஒவ்வொரு முறையும் கணக்கிடுங்கள். முதல் இரண்டு பகுதிகளில் எல்லாப் பயிற்சியாளரும் தர்மவான்கள்தான். ஒரு கோல் வித்தியாசத்தில் மூன்றாவது பகுதி ஓடும்போது அந்த எண் எத்தனை முறை இறங்குகிறது என்று பாருங்கள். மூன்று நான்கு முறை இறங்கினால் அது நல்ல அணி, மகனை யோசிக்கச் சொல்லலாம். ஒரு முறையும் இறங்காவிட்டால் உங்கள் கணவர் என்னோடு வாதாட மாட்டார்.

சின்ன அணிக்கும் போய்ப் பாருங்கள், அங்கே ஆட்டம் வேண்டாம், பயிற்சியைப் பாருங்கள். தோற்பது குற்றமில்லை. ஆனால் ஒரு மணி நேரப் பயிற்சியில் பையன்கள் பாதி நேரம் வரிசையில் நின்று அரட்டை அடித்தால் முதல் வரிசை இடம் கிடைத்தும் பயனில்லை. உங்கள் மகனைவிட வேகமாக ஓடுகிறவன் ஒருவனாவது அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் சோம்பிவிடுவான். பயிற்சியாளர் ஒரு பையனைத் தனியே நிறுத்தி, மட்டையைப் பிடித்துத் திருத்திக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். கத்துகிறவர் எல்லா அணியிலும் இருப்பார்.

உயரத்தைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். கப்ரிசோவும் என்.எச்.எல். கணக்கில் உயரமானவர் இல்லை. பதினான்கு வயதுப் பையனின் உயரத்தை வைத்து நீங்கள் இப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இந்த இரண்டு பயணத்தையும் முடித்துவிட்டு மகனிடம் கேளுங்கள். ஆடப் போகிறவன் அவன். டிசம்பரில் எனக்கு மறுபடி ஒரு கடிதம் போடுங்கள். எந்த அணி என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, மூன்றாவது பகுதியில் எத்தனை முறை இறங்கினான் என்ற கணக்கை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.