இடைநீக்கக் கடிதம் வந்த பிறகு: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

விடுதியில் முதலாண்டு மாணவர்களை ராகிங் செய்ததாக உங்கள் மகன் மீது வந்த புகாரையொட்டிக் கல்லூரி அனுப்பிய இரண்டு தாள்களையும் படித்தேன். முதலாவது, விசாரணை முடியும்வரை வகுப்புக்கும் விடுதிக்கும் வரக் கூடாது என்கிற இடைநீக்க உத்தரவு. மற்றது, ஏழு நாள்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்கிற குறிப்பாணை. நீங்கள் முதல் தாளைப் பார்த்துக் கலங்கியிருக்கிறீர்கள். கவனம் செலுத்த வேண்டியது இரண்டாவது தாளில். விசாரணைக் காலத்து இடைநீக்கம் தண்டனை அன்று. உடனே விசாரித்ததில் புகார் உண்மை என்று தெரிந்தால் மாணவரை இடைநீக்கம் செய்யும் பொறுப்பை 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமே கல்லூரித் தலைமையிடம் கொடுத்திருக்கிறது. ஆகவே முதல்வர் வன்மத்தில் செய்தார் என்று கொள்ள வேண்டியதில்லை.

"ஜூனியர் பையன்களை ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னான், அவ்வளவுதான்; இதுகூட ராகிங்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ராகிங்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், தமக்குத் தரப்பட்ட பாட வேலையைப் புதிய மாணவரைக் கொண்டு செய்து முடிப்பதையும் ராகிங்கின் விளக்கத்துக்குள் சேர்த்திருக்கின்றன. சேர்க்கை நாளில் மகனோடு நீங்களும் கையெழுத்திட்டுக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் அந்த விதிமுறைகளின்படி வாங்கப்பட்டதே. கட்டணச் சலானுக்கும் சாதிச் சான்றிதழ் நகலுக்கும் நடுவில் அதைப் படிக்காமலேயே கையெழுத்திடும் பெற்றோரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தண்டனைகள் ஒரே அளவானவை அல்ல. சில நாள் வகுப்பு விலக்கு, உதவித்தொகை நிறுத்தம், விடுதியிலிருந்து வெளியேற்றம் என்று தொடங்கி, தேர்வு எழுதத் தடை, ஒன்று முதல் நான்கு பருவங்கள் வரை கல்லூரியிலிருந்து விலக்கு, நிரந்தர நீக்கம் என்று அவை உயர்ந்துகொண்டே போகின்றன. வழக்காகி நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால், தமிழ்நாட்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு; அதன்பின் வேறு கல்வி நிறுவனத்தில் சேரவும் முடியாது.

இவ்வளவையும் கேட்டால், "பேசாமல் டி.சி. வாங்கி வேறு கல்லூரியில் சேர்த்துவிடலாம்" என்ற உங்கள் யோசனை இன்னும் வலுவாகத் தோன்றலாம். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இரண்டாமாண்டு நடுவில் பொறியியல் கல்லூரி மாறுவதற்கு இரு கல்லூரிகளின் சம்மதமும் பல்கலைக்கழக ஒப்புதலும் வேண்டும். போதாததற்கு, ராகிங்குக்காகத் தண்டிக்கப்பட்டவரா என்பதை மாற்றுச் சான்றிதழில் குறிப்பிட வேண்டும் என்று அதே விதிமுறைகள் சொல்கின்றன. விசாரணையைப் பாதியில் விட்டுப் போனவனைக் குற்றத்தை ஒப்புக்கொண்டவனாகவே ஊர் எடுத்துக்கொள்ளும்.

வேலைவாய்ப்பைப் பற்றித்தான் உங்களுக்கு உண்மையான பயம் என்று தெரிகிறது. மத்திய அரசுப் பணிக்குத் தேர்வானவர்கள் நிரப்பும் சரிபார்ப்புப் படிவத்தில், கைது, வழக்கு பற்றிய கேள்விகளோடு, தேர்விலிருந்து விலக்கப்பட்டதுண்டா, பல்கலைக்கழகமோ கல்வி நிறுவனமோ நீக்கியதுண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. உண்மையை மறைத்தால் அதுவே தகுதியிழப்புக்குக் காரணமாகலாம் என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது. எனவே இறுதி உத்தரவில் எந்தச் சொல் இடம்பெறுகிறது என்பதில்தான் உங்கள் மகனின் நாளைய பதில் அடங்கியிருக்கிறது. எச்சரிக்கையோடோ விடுதி விலக்கோடோ முடிவதும் நீக்கம் என்று முடிவதும் ஒன்றல்ல.

அந்தச் சொல்லைத் தீர்மானிப்பதில் விளக்கக் கடிதத்துக்குப் பெரும் பங்குண்டு. அதைத் தம்பியே தன் கையால் எழுதட்டும். நீங்களோ வக்கீலோ எழுதிய நடை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். எந்தத் தேதியில், யாரிடம், எத்தனை முறை எழுதச் சொன்னான் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். செய்யாத அடிதடி புகாரில் சேர்ந்திருந்தால் அதைத் தெளிவாக மறுக்கவும் வேண்டும். வெறும் மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து கல்லூரி அலுவலகத்தார் நீட்டினால், செய்யாததையும் ஒப்புக்கொள்ளும் வாசகம் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். புகார் கொடுத்த பையன்களின் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசுவதையும் எம்.எல்.ஏ. சிபாரிசு பிடிப்பதையும் அறவே விட்டுவிடுங்கள். முன்னது சாட்சியை மிரட்டியதாகவே பதிவாகும்.

விசாரணையில் தன் தரப்பைச் சொல்லும் உரிமை தம்பிக்கு உண்டு. தேர்வு முறைகேட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1962இலேயே இதை நிலைநாட்டியது. ஆனால் புகார்தாரரை எதிரில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய எப்போதும் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மாணவியரின் பாதுகாப்புக்காக அவர்கள் பெயரை வெளியிடாமல் நடந்த ராஞ்சி மருத்துவக் கல்லூரி விசாரணையை 1973இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முடிவு பாதகமாக வந்தால், உங்கள் மகன் படிப்பது பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட கல்லூரி என்பதால், அதன் துணைவேந்தரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

விளக்கத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாமல் தம்பியோடு நீங்களும் நேரில் சென்று கொடுங்கள். கையோடு கொண்டுபோகும் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.