குத்துச்சண்டைக்காரனின் கை

அன்புள்ள அக்கா,

பழைய வீடியோ கேம்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். நான் போக்கிமான் கிரிஸ்டல் ஆடி வளர்ந்தவன். என் மகளுக்கு இப்போது 9 வயது, அவளுக்கு அதை அறிமுகப்படுத்தலாம் என்று தேடியபோது ‘பாலிஷ்டு கிரிஸ்டல்’ என்ற மோட், அதாவது ரசிகர்கள் மாற்றியமைத்த வடிவம், கண்ணில் பட்டது. ஆடிப் பார்த்தேன், எரிச்சல்தான் வந்தது. போக்கிமான்களில் ஃபேரி என்று ஒரு வகையைப் புகுத்தியிருக்கிறார்கள். ஓடுவதற்கு ஷூ தருகிறார்கள். போக்கிமானுக்குப் புதுத் தாக்குதல் கற்றுத்தரும் டிஎம் முன்பு ஒரு தடவையோடு தீர்ந்துபோகும், இப்போது தீர்வதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக பிஸிக்கல், ஸ்பெஷல் விதியையே மாற்றிவிட்டார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் ஒரு கிளாசிக்கின் மேல் கிறுக்கியது போலத்தான் எனக்குப் படுகிறது. பழைய விதி அநியாயம் என்கிறார்கள். பலவீனமான போக்கிமானை வைத்துக்கொண்டு தோற்றவர்களுக்கு ஆட்டம் புரியவில்லை, அவ்வளவுதான். மகளுக்கு எதைக் கொடுக்கட்டும், மூலத்தையா, மோடையா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் அதே மோடைத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். அதுவும் நீங்கள் திட்டியிருக்கும் அந்தக் கடைசி மாற்றத்துக்காகவே ஆடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சின்ன விஷயங்கள். ஓடும் ஷூ 2002இல் ரூபி, சஃபையர் என்ற பிந்தைய போக்கிமான் ஆட்டங்களிலேயே வந்துவிட்டது. தீராத டிஎம் 2010இல் பிளாக், ஒயிட்டில் வந்தது. ஃபேரி வகை 2013இல் எக்ஸ், ஒய்யில் வந்தது. எல்லாம் அந்த ஆட்டத்தைச் செய்தவர்களே செய்த மாற்றங்கள். மோட் செய்தவர்கள் அவற்றைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு போய் 2000ஆம் வருடத்து ஆட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. டிஎம் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கிரிஸ்டலில் விக்டரி ரோடு குகைக்குள் ஒரே ஒரு எர்த்க்வேக் டிஎம் கிடைக்கும், அதை யாருக்குக் கொடுப்பது என்று இரண்டு நாள் தூக்கம் கெட்டவள் நான். அந்தத் தவிப்பு இதில் இல்லைதான். ஃபேரி வேண்டுமா வேண்டாமா என்று நான் வாதாடப் போவதில்லை, அது அவரவர் விருப்பம்.

ஆனால் ‘கிறுக்கியது’ என்று எழுதினீர்களே, அதை அப்படியே விட முடியாது. இந்த மோட் எதன் மேல் கட்டப்பட்டது என்று விசாரித்தீர்களா? ப்ரெட் என்ற ரசிகர் குழுவினர் கிரிஸ்டலின் இயந்திர மொழியை வரி வரியாகப் பிரித்து, மனிதர் வாசிக்கிற அசெம்ப்ளி மொழிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் எழுதியதைத் திரும்ப ஒன்றுசேர்த்தால் அசல் ஆட்டம் ஒரு பைட் கூடப் பிசகாமல் அப்படியே வரும். இதைச் செய்து முடித்தபின்தான் அதன்மேல் மோட்கள் வந்தன. ஒரு எழுத்து மாறாமல் முழுப் பிரதியையும் கையால் படியெடுத்தபின் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறவரை ‘கிறுக்குகிறவர்’ என்று நீங்கள் சொல்வீர்களா? இத்தனை நெருக்கமாக நம்மில் யாரும் அந்த ஆட்டத்தை வாசித்ததில்லை. நீங்களும் இல்லை, நானும் இல்லை. இன்னொன்று, ஆட்டம் தொடங்கும்போதே குணங்கள் வேண்டுமா, சிறப்புத் திறன்கள் வேண்டுமா, பிஸிக்கல்–ஸ்பெஷல் பிரிப்பு வேண்டுமா என்று ஒவ்வொன்றாக உங்களிடம் கேட்கிறதே. ‘வேண்டாம்’ என்று தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? பார்க்காமலே கோபப்பட்டிருக்கிறீர்கள்.

சரி, இனி அந்த வாக்கியம். தோற்றவர்களுக்கு ஆட்டம் புரியவில்லை என்பது. எஸ்., அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏனென்றால் அதே வாக்கியத்தை, ஏறத்தாழ அதே சொற்களில், எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு விதி தெரியும், தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1996இல் வந்த முதல் போக்கிமானில் ஒரு தாக்குதல் அந்தப் போக்கிமானின் அட்டாக் எண்ணைப் பயன்படுத்துமா, ஸ்பெஷல் எண்ணைப் பயன்படுத்துமா என்பது அந்தத் தாக்குதலின் வகையைப் பொறுத்தது. நெருப்பு, நீர், பனி, மின்சாரம் போன்ற வகைகள் என்றால் எப்போதும் ஸ்பெஷல். நார்மல், ஃபைட்டிங், பாறை போன்றவை என்றால் எப்போதும் அட்டாக். கடித்தாலும் சரி, தூரத்தில் நின்று ஊதினாலும் சரி, வகைதான் கணக்கு. அந்த முதல் ஆட்டமான ரெட்டின் பிரித்தெழுதிய குறியீட்டில் இது ஒரே ஒரு ஒப்பீடாக இருக்கிறது: வகை எண் 20 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்பெஷல், கீழே என்றால் பிஸிக்கல். நெருப்பின் எண் சரியாக 20. அதாவது, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற முதல் ஆள்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், சில போக்கிமான்களின் படம் ஒன்று சொன்னது, கணக்கு வேறொன்று சொன்னது. கிங்லர் என்ற நண்டைப் பாருங்கள். உடம்பைவிடப் பெரிய இடுக்கி, அட்டாக் 130. அதற்கென்றே உள்ள கிராப்ஹாமர் அந்த இடுக்கியால் ஓங்கி அடிப்பது. ஆனால் அது நீர் வகை, அதனால் 50 என்ற அற்ப ஸ்பெஷலிலிருந்துதான் அடி விழும். அடுத்து வந்த கோல்டு, சில்வர் ஆட்டங்களின் ஸ்னீசல் கூரிய நகத்தோடு பாய்கிற பிராணி, அட்டாக் 95. அதன் இரு வகைகளும், டார்க்கும் ஐஸும், ஸ்பெஷல் பக்கம். அதன் ஸ்பெஷல் அட்டாக்கோ 35. நகத்தை வரைந்தவர் ஒரு பக்கம், எண்ணைப் போட்டவர் இன்னொரு பக்கம் என்று நின்ற மாதிரி.

எல்லோரிலும் பாவப்பட்டவன் ஹிட்மான்சான். குத்துச்சண்டைக்காரன். ஜப்பானிய மூலத்தில் அவனுக்கு எபிவாலர் என்று பெயர், எபிஹாரா என்ற நிஜக் குத்துச்சண்டை வீரரை வைத்து இட்டது. கையில் உறை, அட்டாக் 105. லெவல் 33இல் ஃபயர் பஞ்ச், 38இல் ஐஸ் பஞ்ச், 43இல் தண்டர் பஞ்ச் கற்றுக்கொள்வான். மூன்றும் குத்துதான், பெயரிலேயே குத்து இருக்கிறது. ஆனால் மூன்றும் ஸ்பெஷல் கணக்கில் போகும். அவன் ஸ்பெஷல் 35. அட்டாக்கில் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

எங்கள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு கேம் பாய் கலரும் போக்கிமான் ரெட் கேட்ரிட்ஜும் கொண்டுவந்தார். எனக்கு 13, தம்பிக்கு 8. அந்த கேட்ரிட்ஜில் ஒரே ஒரு சேவ்தான் வைக்க முடியும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் ஒரே பயணத்தை இருவரும் மாறி மாறிப் போனோம், பள்ளி விட்டு வந்ததும் நான், நான் படிக்க உட்கார்ந்தபின் அவன். ஊரெல்லாம் கடந்து சாஃப்ரான் நகரத்துக்கு வந்து அங்கே டோஜோவில் கராத்தே மாஸ்டரைத் தோற்கடித்தது நான். உள்ளே இரண்டு பந்துகள். ஒன்றில் உதைக்கிற ஹிட்மான்லீ, இன்னொன்றில் குத்துகிற ஹிட்மான்சான். ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது, காட்டில் தேடிப் பிடிக்கவும் முடியாது. அம்மா சொன்னதற்காகத் தேர்வை அவனிடம் விட்டேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, கையுறை போட்டவனை எடுத்தான்.

லெவல் 30இல் வருகிற அவனை 33க்கு ஏற்ற, தன் முறை வரும்போதெல்லாம் தம்பி புல்லுக்குள் நடந்துகொண்டே இருந்தான். ஃபயர் பஞ்ச் வந்ததும் வீடே அதிரக் கத்தினான். நேராக செலடான் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான், ஏனென்றால் அங்கே ஜிம் தலைவி எரிக்காவிடம் இருப்பதெல்லாம் செடி கொடி, நெருப்புக் குத்து விட்டால் ஒரே அடியில் முடிந்துவிடும் என்று அவன் கணக்கு. நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே முதலில் விக்ட்ரீபெல். ஃபயர் பஞ்ச். ‘சூப்பர் எஃபெக்டிவ்’ என்று எழுத்து வந்தது. அதன் உயிரைக் காட்டும் எச்பி கோடு மூன்றில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை.

நான் சிரித்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்து, “அவன் பலசாலிக்கா, கேம்லதான் ஏதோ தப்பு இருக்கு” என்றான். நான் கருவியை வாங்கி ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து ஸ்பெஷலுக்கு எதிரே இருந்த எண்ணைக் காட்டி, “உனக்கு ஆட்டமே புரியல, இதப் பாரு எவ்வளவு கம்மி” என்றேன். அதே பக்கத்தில் மேலே அட்டாக் என்று அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிய எண் ஒன்று இருந்தது. அதை நான் பார்க்கவும் இல்லை, பார்த்திருந்தால் ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றியிருக்குமா என்றும் தெரியவில்லை.

அப்புறமும் அவன் தன் முறையில் எல்லாம் குத்துச்சண்டைக்காரனையே முன்னால் நிறுத்தினான். தோற்றான், மறுபடியும் நிறுத்தினான். என் போக்கிமான்களுக்கு லெவல் ஏறவில்லை என்று எனக்கு ஆத்திரம். ஒரு நாள் இரவு அவன் தூங்கியபின் ஹிட்மான்சானை, அணியில் இல்லாதவர்களை வைக்கும் பிசியில் போட்டு, அங்கிருந்து ரிலீஸ் செய்தேன். விட்டுவிட்டால் இவன் திரும்ப வரவே மாட்டான், சரிதானா என்று அந்த ஆட்டம் கேட்கும். கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தினேன், சேவும் செய்தேன்.

மறுநாள் அவன் அணியைப் பார்த்தான். பிசியைத் திறந்து பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அழவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. “இனிமே நீயே ஆடுக்கா” என்று மட்டும் சொல்லிக் கருவியை என் பக்கம் தள்ளினான். அதற்குப் பிறகு அவன் தன் முறையைக் கேட்டதே இல்லை.

எஸ்., 2006இல் டயமண்ட், பேர்ல் வந்தபோதுதான் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனித்தனியாக இது பிஸிக்கல், இது ஸ்பெஷல் என்று பிரித்தார்கள். ஃபயர் பஞ்ச் கையின் பலத்துக்கு, அதாவது அட்டாக் கணக்குக்குப் போனது. பத்து வருடம் கழித்து, செய்தவர்களே என் தம்பி சொன்னதை ஒப்புக்கொண்டார்கள். ஆட்டம் புரியாதவன் யார் இதில்? விதியை மனப்பாடம் செய்து பலவீனர்களைப் பிசியில் போட்டு ஜெயித்த நானா, படத்தைப் பார்த்து இவன் இப்படித்தான் அடிக்க வேண்டும் என்று நம்பிய அவனா? அவன் அந்தப் போக்கிமானைச் சரியாக வாசித்திருந்தான். வரைந்தவர் என்ன நினைத்து வரைந்தாரோ அதை வாசித்திருந்தான். நீங்கள் காப்பாற்றத் துடிக்கிற ‘மூலம்’ அந்தப் படத்திலும்தான் இருக்கிறது, 20 என்ற எண்ணோடு செய்கிற ஒப்பீட்டில் மட்டும் இல்லை. மூலத்தில் பிழையே கிடையாது என்று நினைக்கிறீர்களா? ரெட்டில் ஃபோகஸ் எனர்ஜி என்று ஒரு திறன், கிரிட்டிக்கல் அடியின் வாய்ப்பைக் கூட்ட வேண்டியது, கால் பங்காகக் குறைத்தது. அதைத் திருத்தினாலும் அவமதிப்பு என்பீர்களா?

இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் உங்கள் மேல் உள்ள கோபம் பாதிகூட இல்லை. நீங்கள் அந்த ஆட்டத்தை எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. மகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிற அப்பா எத்தனை பேர்? மோடில் ‘ஃபெய்த்ஃபுல்’ என்று ஒரு வடிவம் இருக்கிறது, வகைகளிலும் எண்களிலும் மோட்காரர்கள் சொந்தமாகச் செய்த மாற்றங்கள் இல்லாதது. உங்கள் மனதுக்கு அது ஒத்துவரலாம். எதைக் கொடுத்தாலும் அந்தப் பிரிப்பை மட்டும் அணைக்காதீர்கள். அவள் எந்தப் பிராணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாலும், தயவுசெய்து ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து காட்டாதீர்கள்.

நான் ஆடிக்கொண்டிருக்கும் இந்த மோடில் குத்துச்சண்டைக்காரனை வளர்த்து எடுத்துவிட்டேன். கோல்டு காலத்திலிருந்து அவன் டைரோக் என்ற சிறுவனாகத் தொடங்கி லெவல் 20இல் மாறுகிறவன். அப்போது டிஃபென்ஸ் அட்டாக்கைவிட அதிகமாக இருந்தால் ஹிட்மான்சான், குறைவாக இருந்தால் ஹிட்மான்லீ, இரண்டும் சமமாக இருந்தால் தலைகீழாகச் சுற்றும் ஹிட்மான்டாப். டிஃபென்ஸை ஏற்றுகிற அயர்னைக் காசு கொடுத்து வாங்கி வாங்கி ஊட்டினேன், வேறு எவனாகவும் மாறிவிடக் கூடாது என்று.

அவன் மாறிய இரவு தம்பியை அழைத்தேன். அவனுக்கு அங்கே விடிகாலை. 35, 105, அந்த 20 என்ற எண், எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் ரிலீஸ் செய்தேன் என்பதையும் முதல் முறையாகச் சொன்னேன். அது தெரியும் என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான் அப்பவே சொன்னேன்லக்கா” என்றான்.

எரிக்காவிடம் இன்னும் போகவில்லை. அடுத்த மாதம் அவன் ஊருக்கு வருகிறான், அதுவரை சேவ் செய்த ஆட்டத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா