லிஃப்ட் கிட்டா, டயரா? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: குலசேகரத்துக்கு மேலே எங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. 2021 மாடல் மஹிந்திரா தார் ஜீப், டீசல், 16 இன்ச் வீல். மழைக்காலத்தில் டெம்போ போய்ப் போய்ச் சக்கரத்தடம் பள்ளமாகி, நடுவில் திட்டு எழும்பி நிற்கிறது. அதில் அடி தட்டுகிறது. ஸ்பிரிங் மாற்றி வண்டியின் உடலை உயர்த்துகிற லிஃப்ட் 2 இன்ச் போதுமா, ஒரேயடியாக 4 இன்ச் போட்டுவிடலாமா? எந்தக் கிட் நல்லது?
(வாசகர், குலசேகரம்)

பதில்: கிட் பெயரை அப்புறம் பேசலாம். முதலில் ஒரு பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, எங்கே உரசியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் கீறலில்தான் இருக்கிறது, கடைக்காரரிடம் இல்லை.

உங்கள் தாரில் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசையும் டபுள் விஷ்போன் அமைப்பு. முன் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, வண்டியின் உடலோடு சேர்ந்து நிற்பதால் லிஃப்ட் போட்டால் அதுவும் உயரும். பின்னால் அப்படி இல்லை. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே நீளமான ஆக்ஸில், நடுவில் உருண்டையாக டிஃபரன்ஷியல், அது சக்கரத்தோடு சக்கரமாக நிற்கிறது. நீங்கள் 2 இன்ச் போட்டாலும் 6 இன்ச் போட்டாலும் அந்த உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். நீங்கள் சொல்கிற நடுத்திட்டு பெரும்பாலும் அந்த உருண்டையைத்தான் தட்டும். கீறல் அங்கே இருந்தால் லிஃப்ட் கிட்டுக்குக் கொடுக்கிற பணம் வீண்.

டயரின் கணக்கு இப்படி. உங்களுக்குக் கம்பெனியில் வந்தது 245/75 ஆர்16, வெளி விட்டம் சுமார் 774 மி.மீ. 265/75 ஆர்16 போட்டால் சுமார் 804. வித்தியாசம் 30, அதில் பாதிதான் ஆக்ஸில் உயரும், ஆக 15 மி.மீ. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஆனால் தட்டுகிற இடத்திலேயே கிடைக்கிற 15 அது. போட்ட பிறகு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு முன் சக்கரத்தைக் கல்லில் ஏற்றி எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். ஸ்பீடாமீட்டரும் கொஞ்சம் குறைத்துக் காட்டும், 60 என்றால் நிஜத்தில் 62 போய்க்கொண்டிருப்பீர்கள்.

கீறல் ஃபுட்போர்டில் இருந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிடுங்கள், செலவே இல்லை. வண்டிச் சட்டத்தின் நடுவில் குறுக்கே போகிற கிராஸ்மெம்பரிலோ, கியர்பாக்ஸுக்குக் கீழே உள்ள தகட்டிலோ, முன் பம்பரின் அடி உதட்டிலோ இருந்தால் மட்டும் லிஃப்ட் பற்றி யோசிக்கலாம். அங்கேதான் அது வேலை செய்யும். ஓடையில் இறங்கி ஏறும்போது மூக்கு இடிக்காது, மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாது.

சரி, எவ்வளவு? 2 இன்ச், அதாவது 50 மி.மீ.க்கு மேல் வேண்டாம். முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற ஷாஃப்டின் சிவி ஜாயின்ட் (வளைந்தபடியே சுற்றுகிற மூட்டு) ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சுற்றுவதற்குச் செய்தது. உடல் உயர உயர அந்தக் கோணம் செங்குத்தாகிறது. அதை மூடியிருக்கிற ரப்பர் உறையான பூட் கிழிந்து, சேறு உள்ளே போய், வளைவில் டக் டக் என்று சத்தம் கேட்கத் தொடங்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கிற மேல் ஆர்மின் முனையில் உள்ள பால் ஜாயின்டும் அதன் எல்லைக்குப் போய்விடும். 4 இன்ச் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் ஆர்மை மாற்ற வேண்டும், டிஃபரன்ஷியலைக் கீழே இறக்க பிராக்கெட் வேண்டும், பிரேக் ஹோஸ் நீளம் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்து டிஃபரன்ஷியலையும் இறக்கிவிட்டால் எதற்காகத்தான் உயர்த்தினோம்?

கிட் தேர்வில் உயரத்தைவிட முக்கியம், நீங்கள் வண்டியில் என்ன ஏற்றுகிறீர்கள் என்பது. ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்கள் ஒரே வண்டிக்கே எடை பார்த்து வெவ்வேறு ஸ்பிரிங் வைத்திருக்கும். முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் (வண்டியை இழுத்து மீட்கிற கயிற்று மோட்டார்) இல்லாத வண்டிக்கு ஹெவி ஸ்பிரிங் போட்டால் மூக்கு தூக்கி நிற்கும், சக்கரம் பள்ளத்தில் இறங்க மறுக்கும், குலசேகரம் சாலையின் ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் கேட்கும். பின்னால் தினமும் உர மூட்டையோ ரப்பர் ஷீட்டோ ஏற்றினால் பின் ஸ்பிரிங்கை மட்டும் ஒரு படி கூட்டுங்கள். என்றைக்கோ ஒருநாள் ஏற்றுவதற்காகக் கூட்டாதீர்கள். ஸ்பிரிங்கோடு அதற்கேற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பர் சேர்ந்து வருகிற கிட்டாக வாங்குங்கள். பழைய ஷாக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. வழுக்குகிற செம்மண்ணில் பாதிப் பிரச்சினை உயரமே அல்ல, பிடிமானம். தோட்டத்துக்குள் நுழையும் முன் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிப் பாருங்கள், மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்ற ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் வேண்டும். கிட்டை விட எத்தனையோ மடங்கு மலிவு.

கேள்வி: ஸ்பேசர் மட்டும் போட்டால் போதும், எல்லாம் ஒன்றுதான் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: உயரம் ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. ஸ்பேசர் என்பது பழைய ஸ்பிரிங்கையோ, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டையோ தள்ளி நிறுத்துகிற ஒரு வளையம். அது எந்தப் புதிய அசைவையும் தராது, இருக்கிற அசைவை இடம் மாற்றும். முன்பக்க ஸ்ட்ரட்டின் மேலே வைத்தால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது கம்பெனி கணக்கிட்ட எல்லையைத் தாண்டிக் கீழே போகும். அடி வாங்குவது பால் ஜாயின்டும் சிவி ஜாயின்டும். பின்னால் தனி ஸ்பிரிங்கின் மேல் வைத்துப் பழைய ஷாக்கையே விட்டால் ஷாக் சீக்கிரம் முழு நீளத்துக்கு இழுபட்டு நிற்கும், பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். ஊருக்குள் ஓட்டுகிற வண்டியில், மூக்கு சற்றுத் தாழ்ந்திருப்பதைச் சரிசெய்ய 1 இன்ச் அளவில் என்றால் சரி. காட்டுப் பாதைக்கு வேண்டாம்.

கேள்வி: மாருதி ஜிம்னி வாங்கியிருக்கிறேன். 2 இன்ச் உயர்த்த ஆசை. வீடு தோவாளையில்.
(வாசகர், தோவாளை)

பதில்: வீட்டைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. ஜிம்னி சுமார் 1,200 கிலோதான், அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720. ஆரல்வாய்மொழி கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கிற குறுக்குக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தச் சாலையில் தினமும் போய் வருகிற, எடை குறைந்த, ஒல்லியான, உயரமான வண்டியை இன்னும் 50 மி.மீ. தூக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

தூக்கியே தீருவேன் என்றால் 40 மி.மீ.யோடு நில்லுங்கள். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் நீள ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். உயர்த்தினால் இரண்டு விஷயம் கெடும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற பன்ஹார்ட் ராடு அதை ஒரு பக்கம் இழுத்துவிடும், அதற்கு நீளம் மாற்றக்கூடிய ராடு வேண்டும். முன் சக்கரத்தின் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிற அளவு, குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, வேகத்தில் நடுங்கவும் செய்யலாம். அதற்குக் காஸ்டர் திருத்தும் புஷ் (இணைப்பில் போடுகிற வளையம்) உண்டு. இவை இல்லாமல் வெறும் ஸ்பிரிங் விற்கிற கிட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: லிஃப்ட் போட்ட வண்டியோடு களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பிடிப்பார்களா? இங்கே யாரும் கேட்பதில்லை.
(வாசகர், தக்கலை)

பதில்: சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான் அண்ணாச்சி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பிரிங் மாற்றியது சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற டயரையும் முன்னால் உள்ள இரும்புக் கம்பியையும்தான். கம்பெனி அனுமதித்த அளவைத் தாண்டிய டயரும் மாற்றம்தான், மேலே குலசேகரத்துக்காரருக்குச் சொன்ன அளவுக்கும் இது பொருந்தும். கிட் போடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் அடியில் குனிந்து பார்ப்பார்.

கேள்வி: கோதையாறு மேலே காட்டுக்குள் ஓட்டிப் பழகலாமா?
(வாசகர், திற்பரப்பு)

பதில்: கூடாது. அது வனவிலங்கு சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், வண்டி எவ்வளவு உயரம் என்பது அங்கே பேச்சே இல்லை. தெரிந்தவர் தோட்டத்தில், அவர் சம்மதத்தோடு பழகுங்கள்.

கேள்வி: பழைய தாருக்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பிளேட்டும், ஸ்பிரிங் முனையைச் சட்டத்தோடு இணைக்கிற நீள ஷேக்கிளும் போட்டேன். கொஞ்ச நாளிலேயே கிறீச் சத்தம், புஷ் கிழிந்துவிட்டது. கடற்கரை உப்பா காரணம்?
(வாசகர், குளச்சல்)

பதில்: உப்புக்கும் பங்கு இருக்கலாம். பிளேட்டுகளுக்கு இடையே துருப் பிடித்தால் சத்தம் வரும். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆனால் புஷ் இவ்வளவு சீக்கிரம் கிழிந்ததற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்டை முழுதாக முறுக்கியிருப்பார்கள். ரப்பர் புஷ் அந்த நிலையில் கடிபட்டு நிற்கும், வண்டியைத் தரையில் இறக்கியதும் முறுக்கிக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு குழியிலும் கிழியும். புது புஷ் போட்டு, போல்டைக் கையால் பிடிக்கிற அளவுக்கு மட்டும் போட்டு, வண்டியை இறக்கி, ஆட்டி அமர்த்திவிட்டு, எடை முழுதும் சக்கரத்தில் இருக்கும்போது குறித்த அளவுக்கு முறுக்குகிற டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். 500 கி.மீ. ஓடியதும் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கிற யூ போல்டுகளை ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும். ஹெட்லைட் கோணத்தையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள், பின்பக்கம் மட்டும் உயர்ந்த வண்டியில் வெளிச்சம் மூக்குக்கு முன்னாலேயே விழும்.