வீட்டிலேயே பிரேக் பேட், டிஸ்க் மாற்றுவது: கேள்வி பதில்

ஸ்விஃப்ட், ஐ20, டியாகோ போல முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள கார்களை மனதில் வைத்தே இந்தப் பதில்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு, அதை இரு பக்கமும் அழுத்தி நிறுத்துவது பேட். போல்ட் அளவும் இறுக்கமும் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேட் எவ்வளவு தேய்ந்தால் மாத்தணும் சார்? மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்"னு சொல்றார்.

பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைக் கணக்கில் சேர்க்காமல், உராயும் பகுதி மட்டும் 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றுங்கள். புதிதில் அது சுமார் 10 மி.மீ. இருக்கும். சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் தெரிவது வெளிப் பேட் மட்டும்தான். பெரும்பாலும் முதலில் தீர்வது உள் பேட், அதனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஓடும்போதே "கீச்"சென்று கத்தினால் பேடில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது என்று பொருள். மிதிக்கும்போது "கரகர" என்றால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன, அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பேட் மாத்தும்போதெல்லாம் டிஸ்க்கும் மாத்தணுமா?

தேவையில்லை. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 22 மி.மீ. உள்ள டிஸ்க்குக்கு அது பெரும்பாலும் 20. அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பேட் படாத இடம் தேயாமல் வரம்பு போல நிற்கும். தடிமன் அளக்கும் வெர்னியரின் தாடை அதில் உட்கார்ந்துகொண்டு டிஸ்க் தடிமனாக இருப்பதாகக் காட்டும். ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை இரு பக்கமும் பேட் படும் இடத்தில் வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். மைக்ரோமீட்டர் இருந்தால் இந்த வேலை மிச்சம்.

குறைந்தபட்சத்துக்கு மேல் அரை மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் லேத்தில் கடையக் கொடுக்காதீர்கள். கடைந்த பிறகு பேட் தீரும்வரை அது தாங்காது. வெடிப்பு, நகம் மாட்டும் அளவு கீறல், நீலம் பாய்ந்த திட்டு இருந்தாலும் புதிதுதான். பழைய இரும்புக் கடையில் டிஸ்க் வாங்கவே வேண்டாம். எதை மாற்றினாலும் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையென்றால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கேள்வி: முதல் தடவை செய்யப்போறேன் அண்ணே. வரிசையா சொல்லுங்க.

சமதளம் வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கியதும் ஜாக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான், அதை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் திறங்கள். கிளிப் எந்தத் திசையில் இருந்தது என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் அப்படியே இருக்கும்.

ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்தால், பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பரின் பின்பக்கம் வெளியே வரும். காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடர் பின்களின் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 எண் ஸ்பேனர், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுக்கு 17 எண். போலோவில் 7 மி.மீ. ஆலன் கீ வேண்டும், அது சாதாரண செட்டில் இருக்காது. பேட் மட்டும் மாற்ற பிராக்கெட்டைத் தொட வேண்டாம், டிஸ்க் மாற்றத்தான் அது கழல வேண்டும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாய்) தொங்கவிடாதீர்கள். கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே எதுவும் தெரியாது.

காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். இடையில் யாராவது 'மேக்ஸ்' வரை நிரப்பியிருந்தால், தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும். சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி-கிளாம்ப்பால் மெதுவாக அழுத்துங்கள். பெயின்டில் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

இனி வருவதுதான் உண்மையான வேலை. பலரும் புது பேடைச் சொருகிவிட்டு எழுந்துவிடுகிறார்கள், சத்தம், இழுப்பு, அதிர்வு எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பிராக்கெட்டில் பேடின் காது (இரு முனையிலும் நீட்டியிருக்கும் பகுதி) உட்காரும் இடத்தில் உள்ள ஸ்டீல் கிளிப்பைக் கழற்றுங்கள். அதன் அடியில் துரு பொருக்குத் தட்டியிருக்கும். வயர் பிரஷ், அரம் கொண்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுங்கள். புது கிளிப் போட்டதும் பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறது என்றால் துரு இன்னும் இருக்கிறது. ஸ்லைடர் பின்னை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிகான் பிரேக் கிரீஸை மெல்லிதாகத் தடவுங்கள். சாதாரண சேசிஸ் கிரீஸ் வேண்டாம், அது பின்னை மூடும் ரப்பர் உறையை (பூட்) உப்ப வைத்துப் பின்னை இறுக்கிவிடும். பேடின் முதுகிலும் காதிலும் பிரேக்குக்கான கிரீஸ் ஒரு பட்டாணி அளவு போதும். உராயும் முகத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

இறுக்கம் (டார்க் ரெஞ்சில் வைக்கும் அளவு): ஸ்லைடர் பின் போல்ட் பெரும்பாலும் 22 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட் 80 முதல் 110, சக்கர நட்டு 85 முதல் 110. நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே பெடலைப் பலமுறை மிதித்து அது கெட்டியாவதைப் பாருங்கள். பின்னால் தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொட்டிருக்காது, முதல் மிதி தரை வரை போகும். இதை மறந்து கார் ஷெட்டின் சுவரில் இடித்தவர்கள் உண்டு.

கேள்வி: ஸ்விஃப்ட்ல பிராக்கெட் கழட்டிட்டேன், டிஸ்க் அசைய மாட்டேங்குது. சுத்தியல்தானா?

டிஸ்க்கின் நடுப்பகுதியில் மரை உள்ள இரண்டு துளைகள் இருக்கும். எம்8 போல்ட் இரண்டை அதில் விட்டு, மாறி மாறிக் கால் சுற்று இறுக்குங்கள். டிஸ்க் தானே வெளியே வரும். சில ஹூண்டாய், ஹோண்டா வண்டிகளில் டிஸ்க்கைப் பிடிக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருக்கும். துருப்பிடித்திருந்தால் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரே சரி.

கேள்வி: புது டிஸ்க், புது பேட், 500 கி.மீ. கூட ஓடல. 80-ல பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங் ஆடுது. டிஸ்க் பென்டா?

பெரும்பாலும் இல்லை. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருந்து, அதன் மேல் டிஸ்க்கை உட்கார வைத்திருப்பார்கள். அந்தச் சின்னத் துருப் பொடியே ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆட்டம் கொடுக்கும். 0.05 மி.மீ. தாண்டினாலே போதும், ஒவ்வொரு சுற்றிலும் பேட் ஒரே இடத்தை உரசி, நாளடைவில் தடிமன் ஏற்றத்தாழ்வாகிவிடும். டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பை எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். டயல் கேஜ் (இந்த ஆட்டத்தைக் காட்டும் கருவி) கிடைத்தால் அளந்துவிடுங்கள். சக்கர நட்டை ஏர் கன்னால் ஏறுக்குமாறாக இறுக்குவதும் இதே வினையைச் செய்யும்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். அதைப் பிரேக் கிளீனரால் கழுவினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: இடது பக்க உள் பேட் தீர்ந்துபோச்சு, வெளி பேட் பாதி இருக்கு.

ஸ்லைடர் பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் திரும்பி வரவில்லை. பின்னைக் கையால் இழுத்து விடுங்கள், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அது சரியென்றால் பிஸ்டனின் ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். துருவேறிய பிஸ்டனுக்குக் காலிப்பர் கிட் (உள் பாகங்களின் செட்) போட வேண்டும். முதல் தடவை செய்கிறவர் அதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

கேள்வி: பிரேக் ஆயிலும் மாத்தணுமா? டாட் 5 நல்லதாமே?

பேட் மாற்றுவதற்கு லைனைத் திறக்கவே வேண்டாம். ஆனால் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். டாட் 5 சிலிகான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு சரக்கு, அது டாட் 4-உடன் சேரும்.

கேள்வி: மாத்தின மறுநாளே கொல்லிமலை போகலாமா?

போகாதீர்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். பேட் பதியாமல் போனால் பாதி வழியில் எரிந்து பளபளப்பேறி, பிடிப்பே இருக்காது. காலிச் சாலையில் 50-லிருந்து 10 கி.மீ. வேகத்துக்கு மிதமாக எட்டு, பத்து தடவை குறையுங்கள், இடையில் அரை நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள், பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகும் 200, 300 கி.மீ. திடீர் பிரேக்கைத் தவிருங்கள்.

கேள்வி: எந்த பிராண்ட் நல்லது?

கம்பெனி பேட், பாஷ், பிரெம்போ, சென்னைக்காரர்களான ரானே, டி.வி.எஸ். கிர்லிங் எதுவும் வீட்டு ஓட்டத்துக்குப் போதும். பிராண்டைவிட அசலா என்பதே பெரிய கேள்வி. பாதி விலைக்குக் கிடைத்தால் போலியென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குப் பின்னாலயும் டிஸ்க், பட்டன் ஹேண்ட்பிரேக். இதே முறையா?

இல்லை. அந்தப் பிஸ்டனை மோட்டார் பிடித்திருக்கும். ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் சி-கிளாம்ப்பால் அழுத்தினால் காலிப்பரே போய்விடும். கேபிள் ஹேண்ட்பிரேக் உள்ள பின் டிஸ்க் என்றால் பெரும்பாலும் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே விட வேண்டும், அதற்கான கருவி தனியாகக் கிடைக்கிறது.