பொம்மைப் படம் என்று சொன்ன அண்ணனிடம் என்ன பேசுவது?

கேள்வி: விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்ப்பது வழக்கம். படத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பு அண்மையில் எனக்கு வந்தது. ‘டோக்கியோ ஸ்டோரி’ என்ற பழைய ஜப்பானியப் படத்தையும், அடுத்த வாரம் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ என்ற அனிமேஷன் படத்தையும் போட்டேன். முதல் படத்தின்போது, “ஒன்றுமே நடக்கவில்லையே” என்று சொல்லி அண்ணன் பாதியில் எழுந்து போய்விட்டார். உலக இயக்குநர்கள் 2012-இல் வாக்களித்து முதலிடம் கொடுத்த படம் என்று எடுத்துச் சொல்லியும் பயனில்லை. இரண்டாவது படத்தை முழுவதும் பார்த்தார். ஆனால் நான் அழுவதைக் கண்டு, “பொம்மைப் படத்துக்கா இவ்வளவு அழுகை?” என்றார். போதாக்குறைக்கு, “அந்தப் பையன் அத்தை வீட்டிலேயே கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தால் தங்கை பிழைத்திருப்பாள், தப்பு அவன் மேல்தான்” என்றும் சொன்னார். அன்றிலிருந்து அவரிடம் படங்களைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டேன். ரசனை இல்லாதவர்களிடம் கருத்தைப் பகிர்ந்துகொள்வதில் பொருள் உண்டா? அண்ணன் மகளுக்கு ஏழு வயது. அவளுக்காவது இந்த அனிமேஷன் படத்தைக் காட்டி நல்ல ரசனையை வளர்க்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் சொன்ன மூன்று வாக்கியங்களையும் கடிதத்தில் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் முதல் இரண்டும் பேச்சை அடைத்துவிடும் வாக்கியங்கள்தாம். ஆனால் மூன்றாவது, படத்தைக் கண் எடுக்காமல் பார்த்த ஒருவர் மட்டுமே சொல்லக்கூடியது. உங்களை அதிகம் புண்படுத்தியதும் அதுவே என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1945-இல் கோபே நகரத்தின்மீது நடந்த குண்டுவீச்சில் தாயை இழந்த பதினான்கு வயது செய்ட்டாவும் நான்கு வயது செட்சுகோவும் தூரத்து உறவான அத்தை வீட்டில் தங்குகிறார்கள். அந்த அத்தை இறந்துபோன தாயின் கிமோனோக்களை அரிசிக்கு மாற்றுகிறாள். பானையின் அடியில் இருக்கும் கெட்டிச் சோற்றைத் தன் வீட்டாருக்கும், மேலே மிதக்கும் கஞ்சித் தண்ணீரை இந்தக் குழந்தைகளுக்கும் ஊற்றுகிறாள். நாட்டுக்காக உழைப்பவர்களும் சும்மா உட்கார்ந்திருப்பவர்களும் ஒரே சோற்றை எப்படி உண்ணலாம் என்று குத்திக் காட்டுகிறாள். அவமானம் பொறுக்காத செய்ட்டா, தங்கையை அழைத்துக்கொண்டு குளக்கரைக் குகையில் தனிக்குடித்தனம் போகிறான். வங்கியில் தாய் விட்டுச்சென்ற 7,000 யென் இருக்கிறது. ஆனால் ஊரில் விற்பதற்குத்தான் அரிசி இல்லை. அப்போது ஒரு விவசாயி அவனிடம், அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போய்விடு என்று புத்தி சொல்கிறார். உங்கள் அண்ணன் சொன்னதும் ஏறத்தாழ இதையேதான். படத்துக்குள்ளேயே ஒருவர் வாயால் சொல்லப்படும் கருத்தை வெளியே இருந்து ஒருவர் சொன்னால், அவரை ரசனையற்றவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இயக்குநர் இசாவோ தகஹாட்டாவும் இந்தத் திசையில் சிந்தித்தவரே. ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்துக் குண்டுவீச்சில் சகோதரியுடன் ஓடித் தப்பியவர் அவர். இருந்தும், இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று பிறர் அழைத்தபோதெல்லாம் மறுத்தார். மனிதர்களோடு ஒத்துப்போவதன் கசப்பைச் சகிக்க முடியாமல் தனக்கென ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்ள முயலும் செய்ட்டாவில், 1980-களின் ஜப்பானிய இளைஞர்களை அவர் கண்டார். மூலக்கதையை 1967-இல் எழுதிய அகியுகி நொசாகாவும் போர்க்காலத்தில் பசிக்குத் தன் தங்கையைப் பறிகொடுத்தவர். கதையில் வரும் அண்ணனைப் போல் தான் அன்பாக நடந்துகொள்ளவில்லை, அவளுக்குச் சேரவேண்டிய உணவைத் தானே தின்றதும் உண்டு என்ற குற்றவுணர்வு அவரை விட்டு நீங்கவே இல்லை. ‘தப்பு யார் மேல்’ என்ற கேள்வி அந்தக் கதையின் கருவிலேயே இருக்கிறது. உங்கள் அழுகைக்கு அந்தப் படத்தில் எவ்வளவு இடம் உண்டோ, அண்ணனின் கோபத்துக்கும் அவ்வளவு இடம் உண்டு.

ஆகவே, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள் என்பதே என் யோசனை. “நீங்கள் அன்று சொன்னதைப் பிறகு யோசித்துப் பார்த்தேன்” என்று சொல்லி, ஒரே ஒரு காட்சியைப் பற்றிக் கேளுங்கள். அந்த அத்தையின் இடத்தில் நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் இருந்து, பங்கீட்டு அரிசியில் நான்கு வயிறுகளுக்குப் பதில் ஆறு வயிறுகளை நிரப்ப வேண்டியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்கலாம். பதினான்கு வயதில் அவரே என்ன செய்திருப்பார் என்றும் கேட்கலாம். நீங்களும் அவரும் அண்ணன் தங்கை. அந்தப் படமும் ஓர் அண்ணன் தங்கையின் கதை. செய்ட்டாவின்மீது அவர் அத்தனை கடுமையாக இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். ஒரு தங்கையைக் காப்பாற்றத் தவறிய அண்ணனை இன்னோர் அண்ணன் எளிதில் மன்னிப்பதில்லை.

‘பொம்மைப் படம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கானது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அதை வாதாடி மாற்றுவது கடினம். அதற்குப் பதிலாக, கண்ணால் கண்டதைச் சுட்டிக்காட்டலாம். மிட்டாய் டப்பா காலியானதும் செய்ட்டா அதற்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிறான். ஒட்டியிருந்த கடைசி இனிப்பு கரைந்த அந்தத் தண்ணீரைச் செட்சுகோ ரசித்துக் குடிக்கிறாள். பிற்பாடு, பசியில் நினைவு தடுமாறி, விளையாட்டுக் கண்ணாடிச் சில்லை மிட்டாய் என்று நினைத்து வாயில் அடக்கிக்கொள்கிறாள். மண்ணை உருட்டிச் சோற்று உருண்டை என்று அண்ணனுக்கு நீட்டுகிறாள். இவற்றை ஒரு நிஜக் குழந்தை நடித்திருந்தால், படப்பிடிப்பு முடிந்ததும் அந்தக் குழந்தை சாப்பிட்டிருக்கும் என்ற நினைப்பு நம் மனத்தின் ஓர் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். வரையப்பட்ட செட்சுகோவுக்குப் படத்துக்கு வெளியே வாழ்க்கை இல்லை. அவளுக்கு இருப்பதெல்லாம் அந்த 89 நிமிடங்கள் மட்டுமே. இதே கதையைப் பின்னாளில் நடிகர்களை வைத்தும் எடுத்தார்கள். ஆனாலும் உலகம் நினைவில் வைத்திருப்பது 1988-இல் வெளிவந்த இந்தச் சித்திரத்தைத்தான்.

இன்னொன்றையும் அண்ணனுக்குச் சொல்லலாம். தகஹாட்டா தம் கையால் படம் வரைபவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்துவிட்டுத் திரைக்கு வந்தவர். ஒரு குழந்தை டப்பாவின் மூடியோடு எப்படி மல்லுக்கட்டும், தூக்கக் கலக்கத்தில் எப்படிச் சிணுங்கும் என்பதை ஓவியர்களிடம் வாங்கித் தந்த கவனம் அவருடையது. செட்சுகோவுக்குக் குரல் கொடுத்தது ஒரு சின்னஞ்சிறு பெண். அந்தக் குரலை முதலில் பதிவு செய்துகொண்டு, அதன் மழலைக்கும் தயக்கத்துக்கும் ஏற்பப் பிறகு சித்திரத்தை வரைந்தார்கள். அவள் அழும்போது நமக்கு ஏன் பதறுகிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

‘டோக்கியோ ஸ்டோரி’ விஷயத்தில் நீங்கள் எடுத்த ஆயுதம்தான் பொருத்தமில்லாதது. ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 2012-இல் நடத்திய வாக்கெடுப்பில் இயக்குநர்கள் அதற்கு முதலிடம் கொடுத்தது உண்மையே. ஆனால் சலிப்போடு உட்கார்ந்திருப்பவரிடம் தரவரிசையைச் சொன்னால், ‘உனக்குப் பிடிக்காதது உன் குறை’ என்றுதான் அவர் காதில் விழும். அவர் பிடிவாதம் பிடித்ததில் வியப்பில்லை. மற்றபடி அந்தப் பட்டியல்கள் எந்தப் படத்தைத் தேடிப் பார்க்கலாம் என்று நாம் தெரிந்துகொள்வதற்குப் பயன்படும், அவ்வளவே.

‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பதற்கு ஒரு நியாயமும் உண்டு. யசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த அந்தப் படம் 136 நிமிடம் ஓடுகிறது. தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் சற்றுத் தாழ்வாகவே கேமராவை வைத்து, அதை மிக அரிதாகவே நகர்த்துகிறார். மரணம் வருவது படத்தின் கடைசிப் பகுதியில்தான். அண்ணன் பாதியில் எழுந்துவிட்டதால் அதை அவர் காணவே இல்லை. ஆனால் அதற்கு முன்பே நடந்துவிட்டவை எத்தனையோ! படம் தொடங்கும்போது ஓனோமிச்சி ஊரில் கிழவரும் கிழவியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பயணத்துக்கு மூட்டை கட்டுகிறார்கள். காற்றுத் தலையணை எங்கே என்று ஒரு சிறு தேடல். உன்னிடம்தான் இருக்கும் என்கிறார் அவர். இல்லை, என்னிடம் இல்லை என்கிறாள் அவள். கடைசியில் அது அவரிடமே இருக்கிறது. குரல் உயராத அந்த ஓரிரு நிமிடங்களில் ஒரு நெடுங்காலத் தாம்பத்தியம் முழுவதும் தெரிகிறது. டோக்கியோவில் மூத்த மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். அங்கே வந்த வாடிக்கையாளர் ஒருவர், அந்தப் பெரியவர்கள் யார் என்று கேட்க, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று கையில் இருக்கும் வேலையை விடாமலே சொல்லிவிடுகிறாள். மகளாக நடித்த ஹருகோ சுகிமுரா அந்த வரியைச் சொல்லும் வேகத்தில், கவனிக்காமல் விட்டால் அது கடந்தே போய்விடும். தாயின் இழவுச் சாப்பாடு முடிவதற்குள் அவளுடைய உடைகளை நினைவுப் பொருளாகக் கேட்பவளும் இதே மகள்தான். ஆனாலும் ஓசு அவளை வில்லியாக்கவில்லை. பிழைப்பின் நெருக்கடியில் நம்மில் பலர் இருப்பதைப் போலவே இருக்கிறாள். இன்னொரு செய்தி அண்ணனுக்கு வியப்பாக இருக்கும்: எழுபதை எட்டிய தந்தையாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தொடவில்லை. முதுகின் வளைவிலும், எழுந்து உட்காரும் நிதானத்திலும் அவர் முதுமையைக் கொண்டுவந்த விதத்தைக் கவனிக்கச் சொல்லிப் பாருங்கள்.

மீண்டும் முழுப்படத்துக்கு அவரை வற்புறுத்தி உட்கார வைக்க வேண்டாம். விருப்பம் இருந்தால், 1937-இல் லியோ மெக்கேரி எடுத்த ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்ற அமெரிக்கப் படத்தை முதலில் போடுங்கள். வீட்டை இழந்து, பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போகும் வயோதிகத் தம்பதியின் கதை அது. ஓசுவோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய கோகோ நோடா அதைப் பார்த்திருந்தார். அதன் சாயல் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், சிரிப்பும் உண்டு என்பதால், உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்கு இது நல்ல வாசல் என்பது என் எண்ணம். அதைப் பார்த்து முடித்த பிறகு உங்கள் கருத்தை உடனே சொல்லிவிடாமல், எந்தப் பிள்ளைமேல் அதிகக் கோபம் வந்தது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். யார்மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது அவருக்குப் பிடித்தமானது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான காட்சியை அவர் சொல்லத் தொடங்கிவிட்டால், நீங்கள் கண்ட வேறொரு காட்சியை அதன் பக்கத்தில் வைக்கலாம். உடன்பட வேண்டும் என்ற கட்டாயம் இருவருக்கும் இல்லை.

ஏழு வயதுக் குழந்தைக்கு ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உடல் முழுதும் கட்டுப் போட்டுக் கிடக்கும் தாயையும், கண்ணெதிரே மெலிந்து சாகும் தன்னினும் சிறிய பெண்ணையும் அந்த வயதில் தாங்குவது கடினம். ரசனையை வளர்ப்பதற்காகக் குழந்தைக்கு அச்சத்தைக் கொடுக்கலாகாது. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் அந்தப் படத்தோடு இணைத்து ஒரே காட்சியாக வெளியிடப்பட்ட இன்னொரு படம் இருக்கிறது: ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’. அதைக் காட்டுங்கள். அதிலும் உடன்பிறந்தவர்கள் இருவர். அதிலும் தாய் மருத்துவமனையில் இருக்கிறாள். ஆனால் அங்கே அச்சம் ஒரு பிற்பகலோடு நீங்கிவிடுகிறது. மழையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் டோட்டோரோ என்ற அந்தப் பெரிய உயிர், குடையின்மேல் சொட்டும் நீரின் ஓசையில் மகிழ்ந்து, இன்னும் சொட்டட்டும் என்று குதிப்பதைப் பார்த்துக் குழந்தை சிரிக்கும். தாய் குணமாகி வீட்டுக்கு வருவாளா என்று நடுவில் கேட்கவும் கூடும். கேட்டால், படத்தை நிறுத்திவிட்டு, வருவாள் என்று சொல்லுங்கள். இறுதியில் பெயர்கள் ஓடும்போது தாய் வீடு திரும்பும் சித்திரங்கள் வரும். அதற்குள் படத்தை அணைத்துவிடாதீர்கள்.

அவளோடு அண்ணனும் உட்காரட்டும். ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ படத்தை அவள் செய்ட்டாவின் வயதை எட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.