ரேடியோஹெட் ஆல்பங்களும் கோனன் ஓ'பிரையனும்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: ஒரு ராக் குழுவையும் ஒரு டிவி காமெடியனையும் ஏன் எப்போதும் சேர்த்தே பேசுகிறீர்கள்?

1993-தான் காரணம். அந்த வருஷம் பிப்ரவரியில் ரேடியோஹெட்டின் முதல் ஆல்பம் 'பாப்லோ ஹனி' வந்தது, செப்டம்பரில் கோனன் அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் 'லேட் நைட்' என்ற பின்னிரவுப் பேச்சு நிகழ்ச்சியைத் தொடங்கினார். ரேடியோஹெட்டை ஒரே பாட்டோடு காணாமல் போகிற குழு என்றார்கள், கோனன் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடுவார் என்றார்கள். அதே வருஷம் அவர் நிகழ்ச்சி மேடையில் அவர்கள் 'பாப்லோ ஹனி'யில் இருக்கும் 'க்ரீப்' பாட்டை வாசித்தார்கள். அந்தப் பதிவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

கேள்வி: எனக்கு 'க்ரீப்' மட்டும்தான் தெரியும். அடுத்து எது கேட்கலாம்?

'தி பெண்ட்ஸ்', 1995. வரிசைப்படி போகிறேன் என்று 'பாப்லோ ஹனி'யில் உட்கார்ந்தால் பாதியிலேயே விட்டுவிடுவீர்கள். அப்புறம் 'ஓகே கம்ப்யூட்டர்' (1997).

கேள்வி: 'கிட் ஏ' ஆல்பம் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முதல் தடவை எனக்கும் அப்படித்தான். 'ஓகே கம்ப்யூட்டர்' சுற்றுப்பயணம் முடிந்தபோது குழுவின் பாடகர் தாம் யார்க் மனதளவில் ஓய்ந்துபோயிருந்தார், கிதார் வைத்துப் பாட்டு எழுதுவதே அலுத்துப்போய் எலக்ட்ரானிக் இசை பக்கம் திரும்பினார். அதே மாதிரி இன்னொரு ஆல்பம் போட்டிருந்தால் உலகமே வாங்கியிருக்கும், ஆனால் அவர்கள் சிந்தசைசரும் ஓந்த் மார்த்தெனோ என்ற பழைய மின்னணு இசைக்கருவியும் வைத்து 2000-இல் இதைக் கொடுத்தார்கள், தனிப்பாடலாக எதையும் வெளியிடாமலேயே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஹெட்போன் போட்டு, 50 நிமிஷமும் நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். அதே பதிவு நாட்களில் உருவானதுதான் 'அம்னீசியாக்' (2001), அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை இலவசமாகக் கொடுத்தார்களாமே?

முழுக்க இலவசம் என்று சொல்ல முடியாது. இ.எம்.ஐ. என்ற இசை நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்திருந்தது, 2007 அக்டோபரில் தங்கள் தளத்திலேயே போட்டு, விருப்பப்பட்ட விலையைக் கொடுங்கள், பூஜ்யமானாலும் சரி என்றார்கள். அப்புறம் சிடியாக வந்தபோதும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

கேள்வி: கோனன் முதலில் எழுத்தாளரா?

ஆமாம். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி, அப்புறம் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர். அதில் மோனோரயில் எபிசோட் அவர் எழுதியது. கேமரா முன்னால் அனுபவம் கிட்டத்தட்ட இல்லாமல்தான் 'லேட் நைட்'டை அதுவரை நடத்திய டேவிட் லெட்டர்மேன் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்தார். ஆரம்பத்தில் சேனல் 13 வாரம் 13 வாரமாகத்தான் ஒப்பந்தத்தை நீட்டித்தது. அப்படி ஓட்டியே 2009 வரை நின்றார்.

கேள்வி: 'டுநைட் ஷோ'வில் தோற்றுத்தானே வெளியேறினார்?

இல்லை, அப்படிச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. 'டுநைட் ஷோ' அதே என்.பி.சி.யின் இன்னொரு பின்னிரவுப் பேச்சு நிகழ்ச்சி, அதை 2009 ஜூனில் தொடங்கினார். அவருக்கு முன்பு அதை நடத்திய ஜே லெனோவுக்கு சேனல் இரவு 10 மணிக்குத் தனி நிகழ்ச்சி கொடுத்தது. அது எடுபடவில்லை, சேனலை ஒளிபரப்பும் உள்ளூர் நிலையங்கள் கொதித்தன, உடனே லெனோவை 11.35-க்குக் கொண்டுவந்து கோனனை நள்ளிரவு தாண்டி 12.05-க்குத் தள்ளப் பார்த்தார்கள். நிகழ்ச்சியின் பெயரே 'இன்றிரவு', அதை மறுநாளுக்குத் தள்ளினால் அது அந்த நிகழ்ச்சியே அல்ல என்று மறுத்துவிட்டார். 2010 ஜனவரி 22 கடைசி நாள். தன்னுடன் வேலை செய்தவர்களுக்கும் பணம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார், கசப்போடு இருக்காதீர்கள் என்று இளைஞர்களிடம் கேட்டுக்கொண்டார். அப்புறம் டி.பி.எஸ். என்ற கேபிள் சேனலில் 2021 வரை, நடுவில் 2018-இல் பாட்காஸ்ட், 2025-இல் ஆஸ்கர் விழாத் தொகுப்பும் நகைச்சுவைக்கான மார்க் ட்வெய்ன் விருதும்.

கேள்வி: ரேடியோஹெட்டின் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' பாட்டு இரண்டு விதமாக இருக்கிறதே, எதை முதலில் கேட்பது?

2001-இல் வந்த மேடைப் பதிவை. அதில் யார்க்கும் ஒரு கிதாரும் மட்டும்தான். 1995-இலிருந்தே மேடையில் பாடிய பாட்டு, ஸ்டுடியோ வடிவம் 2016-இல் 'எ மூன் ஷேப்ட் பூல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டாகத்தான் வந்தது, கிதார் போய் பியானோ வந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போடாதீர்கள், ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.